சென்று தேய்ந்திறாமல்

புத்தாண்டு நெருங்கும்போது எழுத்தில் விருப்பமுள்ள ஒவ்வொருவரும் மனசுக்குள் ஒரு சங்கல்பம் செய்துகொள்கிறார்கள். இந்த ஆண்டு நாவலை முடித்துவிட வேண்டும், அப்பாவின் வாழ்க்கையை எழுதி வைத்துவிட வேண்டும், இங்கொன்றும் அங்கொன்றுமாக வந்த கட்டுரைகளைத் தொகுத்துவிட வேண்டும், ஒன்றுமில்லாவிட்டால் நாள் தவறாமல் டைரியாவது எழுத வேண்டும். ஏதாவது ஒரு வீட்டு அலமாரியிலிருந்து பழைய டைரி ஒன்றை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். ஜனவரி 1ஆம் தேதிப் பக்கத்தில் இடம் போதாமல் ஓரத்திலும் எழுத்து ஏறியிருக்கும். பொங்கல் கழிந்ததும் நான்கு வரி. குடியரசு நாள் வாக்கில் ஒரு வரி. பிப்ரவரியில் பால் கணக்கும் கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்த தேதியும் மட்டும் இருக்கும். பவணந்தி முனிவர் நன்னூலில் ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை எண்ணிச் சொல்லும்போது ‘சென்று தேய்ந்திறுதல்’ என்று ஒன்றைச் சொல்கிறார். தொடக்கத்தில் ஓங்கி நின்ற நடை போகப் போக மெலிந்து இல்லாமல் போவது அது. நூலுக்கு அவர் சொன்னது, நூல் எழுத நினைக்கிறவரின் ஆண்டுக்கும் அப்படியே பொருந்துகிறது. இதற்கு மனவுறுதி போதவில்லை என்று நம்மை நாமே குறை சொல்லிக்கொள்கிறோம். இந்தக் குற்றச்சாட்டு தவறானது என்று காட்டுவதுதான் இன்றைய என் பேச்சின் நோக்கம். பிழை மனத்தில் இருப்பதைவிடத் திட்டத்தில்தான் அதிகம் இருக்கிறது. முடிந்து கையில் வரப்போகும் நூலைத் திட்டமிடுகிறோம். அதை எழுத உட்காரப்போகும் நேரத்தையும் இடத்தையும், எழுதியதை வாங்கிக்கொள்ளப்போகும் ஆளையும் திட்டமிடாமல் விட்டுவிடுகிறோம்.

நூலைத் திட்டமிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று இருக்கிறது. கனடாவில் ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் என்ற உளவியலாளர்கள் 1994இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பட்ட வகுப்பின் கடைசி ஆண்டில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று பதில் வந்தது. எல்லாமே கோளாறாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்று அடுத்த கேள்வி. 49 நாள் என்றார்கள். உண்மையில் முடிக்க ஆனது 55 நாளுக்கும் மேல். தாங்களே சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் பத்துப் பேரில் மூன்று பேர்தான். இதில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது நடுவில் உள்ள எண். நம்பிக்கையான கணக்கு பொய்த்ததில் வியப்பில்லை. மழை, காய்ச்சல், மின்வெட்டு எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டதாக அவர்கள் நினைத்த கணக்கும் பொய்த்தது. காரணம் எளிது. செய்யப்போகும் வேலையை நினைக்கும்போது மனம் அந்த வேலையை மட்டும் பார்க்கிறது. இதற்கு முன் இதே மாதிரி எடுத்த வேலைகள் எப்படி இழுத்தன என்று திரும்பிப் பார்ப்பதில்லை. ‘இந்த ஆண்டு நாவல்’ என்று எழுதுகிறவரின் மனக்கண்ணில் சித்தப்பா மகள் கல்யாணம் இல்லை, பிள்ளைகளின் பரீட்சை இல்லை, தீபாவளிக்கு ஊருக்குப் போய்வரும் ஒரு வாரம் இல்லை. ஆனால் அந்த ஆண்டு அவற்றால்தான் ஆகியிருக்கிறது.

ஆகவே கணக்கை மறுமுனையிலிருந்து போட வேண்டும். ஆண்டுக்கு 52 வாரம். விழா, கல்யாணம், நோய், பயணம், சும்மா மனசு கூடாத நாட்கள் என்று 12 வாரத்தை முதலிலேயே தள்ளிவிடுங்கள். மீதி 40 வாரம். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு 300 சொல். கையெழுத்தில் இரண்டு பக்கம்கூட வராது. பெருக்கினால் 60,000 சொல். அச்சில் பக்கத்துக்கு 200 சொல் என்று வைத்தால் 300 பக்கம். கனத்த நூல் ஒன்றின் முதல் வரைவு இது. நூலின் பெயரை எழுதியபோது மலையாக நின்றது, 300 சொல் என்று எழுதும்போது ஒரு வேளை வேலையாகச் சுருங்கிவிடுகிறது. சுருங்கினாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அந்த 300 சொல் எந்த நாள், எந்த மணிக்கு, எந்த நாற்காலியில்?

இந்தக் கேள்வியின் வலிமையைக் காட்டும் ஆய்வு ஒன்றும் உண்டு. அதுவும் எழுத்தைப் பற்றியதாகவே அமைந்திருக்கிறது. ஜெர்மனியில் பீட்டர் கோல்விட்சரும் வெரோனிகா பிராண்ட்ஸ்டெட்டரும் 1997இல் வெளியிட்டது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கிளம்பிய மாணவர்களிடம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளை எப்படிக் கழித்தீர்கள் என்று, அந்த நாள் கடந்த இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்பச் சொன்னார்கள். பாதிப் பேரிடம் அத்தோடு விட்டார்கள். மீதிப் பாதியிடம், எந்த நேரத்தில் எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுவீர்கள் என்று முன்கூட்டியே குறிக்கச் சொன்னார்கள். குறிக்காதவர்களில் சொன்ன நாளுக்குள் எழுதியவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. குறித்தவர்களில் கிட்டத்தட்ட முக்கால்வாசி. இரு சாராருக்கும் ஆசை ஒன்றுதான், விடுமுறை வீட்டின் இரைச்சலும் ஒன்றுதான். நேரத்தையும் இடத்தையும் குறித்த அந்த இரண்டு வரிதான் வித்தியாசம். பின்னர் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் இந்த வகையில் வந்த 94 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து 2006இல் எழுதினார்கள். இந்த முறையின் பலன் கணிசமானது என்றே அதிலும் தெரிந்தது. ஏன் பலிக்கிறது என்றால், ‘இப்போது எழுதலாமா?’ என்று அந்த நேரத்தில் மனத்தோடு வழக்காடும் வேலை இல்லை. வழக்கு முன்பே தீர்ந்துவிட்டது. காலை ஐந்தரை மணியும் மேசையும் வந்ததும் கை தானாகப் பேனாவைத் தேடுகிறது.

ஐந்தரை மணி என்று சொன்னதற்குக் காரணம் ஆந்தனி டிரோலோப். இங்கிலாந்தின் அஞ்சல் துறையில் 1867 வரை முழுநேர அதிகாரியாக இருந்துகொண்டே எழுதியவர். வாழ்நாளில் 47 நாவல்கள். அவர் இறந்த பிறகு 1883இல் வெளிவந்த தன்வரலாற்றில் தம் முறையை ஒளிவு மறைவின்றிச் சொல்லியிருக்கிறார். காலை ஐந்தரைக்கு மேசைக்கு வந்துவிடுவார். முதல் அரை மணி நேரம், முந்தைய நாள் எழுதியதைப் படிப்பது. பிறகு கடியாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று எழுதுவார். அதைவிட முக்கியமானது அவர் வைத்திருந்த குறிப்பேடு. ஒரு நாவலைத் தொடங்கும்போதே வாரங்களாகக் கோடு போட்டு, ஒவ்வொரு நாளும் எழுதிய பக்கங்களை அதில் பதிந்துகொண்டே வருவார். ஒரு வாரத்துக்குச் சராசரி 40 பக்கம். சோம்பியிருந்த நாள் ஒன்று வந்தால் அந்த வெற்றுக் கட்டம் அவரைப் பார்த்துக்கொண்டே இருக்கும். வேலை நிமித்தம் ஊர் ஊராகச் சுற்றிய காலத்தில் ரயில் பெட்டியிலேயே மடியில் ஒரு பலகை வைத்துப் பென்சிலால் எழுதினார். மனைவி அதைப் பிறகு படியெடுத்தார். ‘பார்செஸ்டர் டவர்ஸ்’ நாவலின் பெரும்பகுதி அப்படி உருவானதே. இடம் என்பது தனியறையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நம் அசோகமித்திரன் தியாகராய நகர் நடேசன் பூங்காவில் உட்கார்ந்து எழுதியவர்தானே. இடம் எதுவானாலும் சரி, மாறாமல் இருந்தால் போதும்.

நேரம், இடம் ஆகிய இரண்டையும்விட நாம் குறைத்து மதிப்பிடும் மூன்றாவது ஒன்று உண்டு: எழுதியதை வாங்கிக்கொள்ளக் காத்திருக்கும் ஆள். உ.வே.சாமிநாதையரை நினைத்துப் பாருங்கள். 1887இல் சீவக சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. ஏட்டுக்கு ஏடு ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்து பதிப்பித்த உழைப்பு அது. சோம்பல் என்ற சொல்லுக்கே அந்த வாழ்க்கையில் இடமில்லை. அப்படிப்பட்டவருடைய சொந்த வரலாறு எப்போது எழுத்தில் வந்தது? 1940இன் தொடக்கத்தில், அவருக்கு 85 வயது நிறையவிருந்த வேளையில், ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ வாரத் தொடராக வரத் தொடங்கியது. 1942 ஏப்ரல் 28இல் அவர் மறைந்தபோது தொடர் 122 அத்தியாயங்களை எட்டியிருந்தது. கதை ஏறத்தாழ 1899ஆம் ஆண்டோடு நிற்கிறது. மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட நாட்களும், திருவாவடுதுறை மடமும், ஏடு தேடி அலைந்த ஊர்களும் இன்று நமக்குக் கிடைத்திருக்கின்றன என்றால் அதற்கு ஐயரின் நினைவாற்றல் ஒரு காரணம். வாரந்தோறும் பிரதிக்குக் காத்திருந்த ஒரு பத்திரிகை இன்னொரு காரணம். கூடவே இருந்து உதவ கி.வா.ஜகந்நாதன் போன்ற மாணவர் இருந்தார். ஐயர் விட்ட இடத்துக்குப் பின்னான வரலாற்றைப் பின்னாளில் ‘என் ஆசிரியப்பிரான்’ என்று எழுதியவரும் அவரே. அந்தத் தொடர் பத்தாண்டு முன்னால் தொடங்கியிருந்தால் என்னென்ன கிடைத்திருக்கும் என்று எண்ணும்போது நெஞ்சு பதைக்கிறது. ‘ஓய்வு கிடைக்கும்போது எழுதலாம்’ என்று வீட்டுப் பெரியவர்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு தன்வரலாற்றுக்கும் இதே விதிதான்.

கல்கி ‘பொன்னியின் செல்வ’னை 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக எழுதி முடித்ததும் இப்படிப் பிரதிக்குக் காத்திருந்த பத்திரிகையால்தான். பத்திரிகை இல்லாமலும் இது நடக்கும் என்பதற்கு ஜெயமோகனின் ‘வெண்முரசு’ சான்று. 2014 ஜனவரி 1ஆம் தேதி, ஆம், புத்தாண்டு நாளன்றே, மகாபாரதத்தை நாவல் வரிசையாக இணையத்தில் நாளுக்கொரு அத்தியாயமாக எழுதத் தொடங்கினார். 2020 ஜூலையில் 26 நாவல்களோடு நிறைவு செய்தார். எல்லாருக்கும் அந்த வேகம் வராது. வர வேண்டியதும் இல்லை. நான் கவனிக்கச் சொல்வது அந்த ஏற்பாட்டின் வடிவத்தை. தனக்குள் முணுமுணுத்துக்கொண்ட சங்கல்பமாக அதை அவர் வைத்துக்கொள்ளவில்லை. ஊரறியச் சொன்னார், மறுநாள் காலை படிக்க ஆட்கள் இருந்தார்கள்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு பழையது. எழுத்து என்ன ஆலை வேலையா, மணி அடித்ததும் வருவதற்கு? அகத்தூண்டல் வரும்போதுதான் எழுத முடியும். மௌனி திட்டம் போட்டா எழுதினார்? வாழ்நாளெல்லாம் ஏறத்தாழ 24 கதைகளே எழுதிய மௌனியை முன்னிறுத்தினால் வாதம் முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் அந்த வரலாற்றை அருகில் போய்ப் பாருங்கள். அவருடைய முதற்கதைகள் பல 1936, 1937 ஆண்டுகளில் மணிக்கொடியில் அடுத்தடுத்து வந்தன. மணிக்கொடியை அப்போது சிறுகதை இதழாக நடத்திக்கொண்டிருந்த பி.எஸ்.ராமையா அவரை எழுதச் சொல்லிக் கேட்டவர். பிந்திய காலத்தில் கதைக்கும் கதைக்கும் நடுவே நீண்ட இடைவெளிகள். இதற்குக் காரணம் ஒன்றே ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும், கேட்க ஆள் இருந்த காலத்தில்தான் அகத்தூண்டலும் அடிக்கடி வந்திருக்கிறது. ராபர்ட் பாய்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுத்துத் தடையால் அவதிப்பட்ட 27 பேராசிரியர்களை மூன்று பிரிவாக்கி ஒரு சோதனை செய்தார். ஒரு பிரிவு அவசியமிருந்தாலொழிய எழுதக் கூடாது. ஒரு பிரிவு மனம் வந்தால் எழுதலாம். மூன்றாவது பிரிவு மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறித்த நேரத்தில் எழுதியே ஆக வேண்டும். தவறினால் தமக்குப் பிடிக்காத ஓர் அமைப்புக்கு நன்கொடை போய்விடும். கட்டாயப் பிரிவு மிகுதியாக எழுதியது, அது எதிர்பார்த்ததே. புதிய கருத்துகள் எத்தனை நாளுக்கு ஒன்று தோன்றின என்றும் அவர் குறித்துவரச் சொன்னார். எழுதாதிருந்தவர்களுக்கு ஐந்து நாளுக்கு ஒன்று, மனம்போல் எழுதியவர்களுக்கு இரண்டு நாளுக்கு ஒன்று, கட்டாயத்தில் எழுதியவர்களுக்கு நாளுக்கு ஒன்று. 27 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். கவிதைக்கும் ஆய்வுக் கட்டுரைக்கும் வேறுபாடு உண்டுதான். ஆனாலும், கிணறு இறைக்க இறைக்கத்தான் ஊறும் என்று நம் ஊரில் சொல்வதன் பக்கம்தான் சான்று சாய்கிறது.

இரண்டாவது மறுப்பு தரத்தைப் பற்றியது. இதற்கு நான் அதிக மதிப்புத் தருகிறேன். எண்ணி எழுதினால் எண்ணிக்கைதான் வளரும் என்பது அது. டிரோலோப்பின் தன்வரலாறு வந்தபோது விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். கடியாரத்தை வைத்து எழுதுகிறவன் கலைஞனா என்று கேட்டார்கள். அவர் எழுதிய 47இல் இன்று உயிரோடு இருப்பவை சிலவே என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தச் சிலவும் அதே கடியாரத்தின் முன் பிறந்தவை. நம்மிடம் வேறொரு பக்கம் சுந்தர ராமசாமி இருக்கிறார். 1966இல் ‘ஒரு புளியமரத்தின் கதை’, 1981இல் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’, 1998இல் ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’. 32 ஆண்டு இடைவெளியில் மூன்று நாவல்கள். இவரைச் சொல்லி எதிர்ப்பவர்கள், குறைவாக வெளியிடுவதையும் குறைவாக உழைப்பதையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். குறித்த நேரத்தை அடிப்பதற்கும் திருத்துவதற்கும் கிழித்துப் போடுவதற்கும் செலவிடலாம்; யாரும் தடுக்கவில்லை. அதனால் என் தீர்ப்பு இது: முதல் வரைவுக்குச் சொல்லை எண்ணுங்கள், திருத்தும் காலத்தில் மணியை எண்ணுங்கள். வரைவு அதற்கேற்பச் சிறியதானாலும் சரி, 40 வாரத்தில் கடைசிப் பத்து வாரமாவது திருத்தத்துக்கென்று ஒதுக்கப்படாத திட்டம் நல்ல திட்டம் ஆகாது. சென்னைப் புத்தகக் காட்சியை இலக்காக வைத்து நவம்பரில் கைப்பிரதியை முடித்து, டிசம்பரில் மெய்ப்புப் பார்க்க நேரமில்லாமல், ஜனவரியில் பிழைகளோடு வெளியிடும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. காட்சிக் கெடு பதிப்பாளருடையது. எழுதுகிறவரின் கெடு அதற்கு நான்கைந்து மாதம் முன்னால் வர வேண்டும்.

மூன்றாவது மறுப்பைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் மேடைக்கு வருவதில்லை. ஐந்தரை மணிக்கு மேசைக்கு வர டிரோலோப்பால் முடிந்தது, சரி. அவரை எழுப்பிக் காப்பி கொண்டுவந்து கொடுக்க ஒரு பணியாள் இருந்தார். அதற்கென்று அவருக்கு ஆண்டுக்கு 5 பவுன் கூடுதல் சம்பளம். தம் வெற்றிக்கு வேறு யாரையும்விட அந்தப் பணியாளுக்கே அதிகம் கடன்பட்டிருக்கலாம் என்று டிரோலோப்பே நன்றியோடு ஒப்புக்கொள்கிறார். நம் வீடுகளில் ஐந்தரை மணிக்கு அடுப்படியில் நிற்கிறவர் யார்? துவரங்குறிச்சியில் கவிஞர் சல்மா வீட்டார் கண்ணில் படாமல், இரவில் கழிப்பறைக்குள் துண்டுத் தாள்களில் எழுதியதும், அந்தக் கவிதைகள் அவருடைய தாயார் வழியாக வெளியே போனதும் இன்று பலரும் அறிந்த செய்தி. இடத்தையும் நேரத்தையும் குறி என்று அவரைப் போன்றவரிடம் சொல்வது கேலியாகிவிடும். இந்த மறுப்பு நியாயமானது. என் வாதம் இதற்கு முன் தலைவணங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் அதனாலேயே ஒன்று துலங்குகிறது. ஓர் ஆண்டின் எழுத்துத் திட்டம் என்பது தனியாள் உறுதி அன்று, வீட்டு ஏற்பாடு. மனைவியோ மகளோ மருமகளோ எழுத நினைத்தால், அவருடைய டைரியில் ‘செவ்வாய், வியாழன், காலை ஆறிலிருந்து ஏழு’ என்று எழுதப்படுவதற்கு முன், அந்த ஒரு மணி நேரத்துச் சமையல் யாருடையது என்று பேசி முடிவாக வேண்டும். அது முடிவாகாத வீட்டில் திட்டத்தைக் குறைசொல்லிப் பயனில்லை.

நாள் தவறிவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் உடன்பணியாளர்களும் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து 2010இல் எழுதினார்கள். ஒரு புதிய செயல் பழக்கமாக ஊன்ற, நடுவாக எடுத்தால் 66 நாள் ஆகிறது. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை வேறுபடுகிறது. ஜனவரி 1இலிருந்து எண்ணினால் 66ஆவது நாள் மார்ச் 7. டைரி பிப்ரவரியில் நின்றுபோகிறது என்றால், பழக்கம் வேர்பிடிக்கும் முன்பே நாம் நம்மைக் கைவிட்டுவிடுகிறோம் என்று பொருள். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. நடுவே ஒரு நாள் தவறியதால் பழக்கம் ஊன்றுவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. கெடுதல் செய்வது தவறிய நாள் அல்ல. ‘போயிற்று, இனி அடுத்த ஆண்டுதான்’ என்ற முடிவு. தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது உண்மைதான். தை மட்டும் பிறப்பதில்லை, ஒவ்வொரு திங்கட்கிழமையும் பிறக்கிறது. வாரக் கணக்கு வைத்திருப்பவருக்கு ஆண்டில் 52 புத்தாண்டுகள்.

கடைசியாக, இங்கே எழுதுகிறவர்களைவிட எழுதாதவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவிலோ அலுவலகத்திலோ உறவிலோ, எழுத வேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவர் நிச்சயம் இருப்பார். ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கலாம், பாட்டியாக இருக்கலாம், கல்லூரிக்குப் போகும் பிள்ளையாக இருக்கலாம். அவருக்குப் புத்தாண்டுப் பரிசாக டைரி வாங்கிக் கொடுக்காதீர்கள். அவரிடம் ஏற்கெனவே நாலைந்து இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு வருகிறேன், இந்த வாரம் எழுதிய இரண்டு பக்கத்தைக் கொடுங்கள், படித்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லுங்கள். சொன்னபடி போய் நில்லுங்கள். பக்கம் தயாராக இல்லாவிட்டாலும் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.